டிலோச்சின் இடது கை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரென்ட் வீரிங்கா வெறும் ஜட்டியோடு மேடை ஏறினான். எதிரே வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள். அவற்றில் முந்நூறு பேர் காபிக் கோப்பையும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். கையால் பந்து எறிந்து ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகளுக்கு ஆள் பார்த்துச் சொல்கிற ஸ்கவுட்டுகள். பாதிப் பேருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு முயற்சி தேவைப்படும். அவர்கள்தான் இன்னொருவனின் உடம்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் அவனைத் தராசில் நிறுத்தி, முந்நூற்றுப் பதினோரு பவுண்டு என்று மைக்கில் சொன்னார். இன்னொருவர் தோளிலிருந்து விரல் நுனிவரை நாடா வைத்து அளந்தார்.

"கை, முப்பத்திரண்டே கால் அங்குலம்."

கூட்டத்தில் மெல்லிய முனகல் ஓடியது. கை குட்டையாம். பேனாக்கள் எதையோ கிறுக்கின. வீரிங்காவின் அப்பா அயோவாவில் பன்றி வளர்ப்பவர். மாவட்டக் கண்காட்சியில் பன்றிக்குப் பரிசு கொடுக்கிற நடுவர்கூடத் தொழுவத்துக்குள் இறங்கி, நாலு தரம் சுற்றி வந்து, தொடையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார். இங்கே ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை.

அடுத்தாற்போல் டைக்வான் டிலோச் ஏறினான். ஜார்ஜியாக்காரன். ஆறடி நாலங்குலம். தராசில் ஏறும்போதே கொட்டாவி விட்டான். நாடாக்காரர் அவன் கையை அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

"முப்பத்தஞ்சேகால்."

அந்த ஹாலில் கோயிலுக்குள் இருப்பதுபோல ஓர் அமைதி. முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று அங்குலம் கூடுதலான கைக்கு இத்தனை பக்தியா என்று வீரிங்காவுக்கு எரிந்தது.

எரிவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆட்டத்தில் வீரிங்காவின் வேலை, பந்து எறிபவனுக்கு முன்னால் சுவராக நிற்பது. டிலோச்சின் வேலை, அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போய் எறிபவனைச் சாய்ப்பது. போன அக்டோபரில் இருவருடைய கல்லூரிகளும் மோதியபோது டிலோச் மூன்று தடவை சுவரை உடைத்தான். மூன்றாவது தடவை, பந்து எறிகிற பையனின் காறை எலும்பு முறிந்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. வீரிங்கா மல்லாந்து விழுந்து கிடக்க, அவனைத் தாண்டி டிலோச் போகிற காட்சி.

கல்லூரி ஆட்டம் முடிந்த பையன்களில் தேறியவர்கள் என்று நூறு பேரை ஜனவரி மாதம் இந்த அலபாமா கடற்கரை ஊருக்கு வரவழைத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, சனிக்கிழமை இரண்டு கட்சியாகப் பிரித்து ஆடவிடுவார்கள். ஆட்டத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பயிற்சியைப் பார்க்கத்தான் ஸ்கவுட்டுகள் வருவார்கள். ஏப்ரலில் அணிகள் முறை வைத்து ஏழு சுற்றாகப் பையன்களைப் பொறுக்கும்; முதல் சுற்றில் போகிறவனுக்குத்தான் பெரிய பணம். பயிற்சி முடிந்தபின் ஹோட்டல் அறைகளுக்குப் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

அன்று மாலை முதல் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா என்ன செய்கிறார், குடிப்பாயா, நாயும் பூனையும் சண்டை போட்டால் நீ எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்கள்.

"டிலோச்ச எதுத்து ஆடியிருக்கியே. ஆளு எப்படி?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார்," என்றான் வீரிங்கா. "அன்னைக்கு எங்க சிக்னல யாரோ அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பந்து எப்ப கிளம்பும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பாய்ஞ்சான்."

அவர்களில் இளையவர் லாப்டாப்பைத் திருப்பினார். அக்டோபர் காட்சி. வீரிங்கா மல்லாந்தான். அவர் மறுபடி ஓட்டினார். மறுபடி மல்லாந்தான்.

"சிக்னல் தெரிஞ்சவன் எல்லாருக்கும் முந்தி கிளம்புவான் தம்பி. இவன் எல்லாருக்கும் கடைசியில கிளம்பியிருக்கான். அப்புறமும் உன்னப் படுக்க வெச்சிருக்கான். எந்தச் சிக்னல்?"

ஒரு மாடி மேலே, அடுத்த அறையில் வீரிங்கா பாட்டை மாற்றினான். "அவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததே இல்ல சார். அவன நிறுத்த யாராலயும் முடியாது."

அங்கே இருந்தவர் சூயிங்கத்தை மென்றுகொண்டே, "யாராலயும் முடியாதுன்னா உன்ன எதுக்கு எடுக்கணும்? காலியா விட்டா காசாவது மிச்சம்," என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது, இகழ்ந்தாலும் குற்றம் புகழ்ந்தாலும் குற்றம் என்று அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு அறையிலும் தான் சொன்னது பொய் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை மழைத் தூறலில் பயிற்சி நடந்தது. அதில் ஒத்தைக்கு ஒத்தை என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சுவர்க்காரன், ஒரு உடைப்பவன், நாலு விநாடி. மற்றவர்கள் வட்டமாக நின்று கத்துவார்கள். முதல் நாள் டிலோச் அவனை இரண்டு தடவை சுலபமாகத் தாண்டிப் போயிருந்தான். அவன் செய்வது ஒன்றுதான். அந்த நீண்ட இடது கையால் மார்பில் ஒரு குத்து. எதிராளி நிமிர்வான். நிமிர்ந்தவனை வலது கையால் விலக்கிவிட்டுப் போய்விடுவான். தெரிந்தே மாட்டிக்கொள்கிற வித்தை.

முதல் மோதலில் இரண்டு ஹெல்மெட்டும் முட்டின. டிலோச்சின் தலை ஒரு பக்கமாக வெடுக்கென்று மடங்கியது. அந்தத் தடவையும் அவனே ஜெயித்தான்.

இரண்டாவது மோதலில் வீரிங்கா குத்தை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கை வந்து மார்பில் விழுந்தது. அதில் கனமே இல்லை. யாரோ ஈரத் துண்டைத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது. ஒரு கணம் குழம்பி, பிறகு அந்தப் பக்கமாகவே சாய்ந்து தள்ளினான். டிலோச் உருண்டான். பெஞ்சுகளில் 'ஓ' என்று ஒரு சத்தம். மூன்றாவது தடவையும் அதே ஈரத் துண்டு. அதே 'ஓ'.

திரும்பிப் போகும்போது டிலோச் இடது கட்டைவிரலைச் சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலட்சியமாக நடந்தான். பார்க்கிறவர்களுக்கு அது திமிர். கட்டைவிரலை மாட்டாவிட்டால் அந்தக் கை தொங்கும் என்பது வீரிங்காவுக்கு மட்டும் புரிந்தது. கழுத்து நரம்பில் அடி. கொஞ்ச நேரத்துக்குக் கை செத்துப்போகும். அவனுடைய கல்லூரியிலேயே ஒருவனுக்கு இருந்தது. கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆடினால் ஒரு நாள் எழுந்திருக்காமலே போய்விடுவாய் என்று டாக்டர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மைதானத்துப் பார்வையாளர் மாடியில் ஆறு கேமரா ஓடியது. முந்நூறு ஜோடிக் கண்கள். ஒன்றுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "தீவனக் கடையில உன்னப் பத்திதான்டா பேச்சு. டிவியில ஒருத்தன், வீரிங்காவோட கை வேலையப் பாருங்க, பாடப் புத்தகத்துல போடலாம்னு சொல்றான். என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"அடக்கமா பேசு, நல்லதுதான். ஆனா என்கிட்ட சொல்லு."

"நெஜமாவே ஒண்ணும் பண்ணல," என்றான். அப்பா சிரித்தார்.

வியாழன் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் டிலோச் தட்டு நிறையப் பொரித்த மீனோடு வந்து எதிரே உட்கார்ந்தான். வலது கையால் மட்டும் சாப்பிட்டான்.

"என்ன அயோவா. பெரிய ஆளாயிட்டபோல."

"நீதான் விழுந்த."

"விழுந்தேன். எப்படி விழுந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

வீரிங்கா அவனுடைய இடது கையைப் பார்த்தான்.

"தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீ செவ்வாக்கெழம என்னப் பத்தி என்ன சொன்னேன்னு எனக்கும் தெரியும். மூணாவது மாடி ரூம்ல நான் திருடன். நாலாவது மாடி ரூம்ல நான் கடவுள். அவனுங்க அப்படியே வந்து என்கிட்ட ஒப்பிச்சானுங்க, எனக்குக் கோவம் வருதான்னு பாக்க." மீன் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தான். "மூணாவதா ஒண்ணும் சொல்லப் போறியா?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அய்ய. என் பாட்டியாடா நீ? அக்டோபர்லேர்ந்து இருக்கு. வரும், அஞ்சு நிமிஷத்துல போயிடும். கை மரத்துப்போச்சுன்னு எவன்கிட்டயாவது வாயத் தொறந்தா கழுத்தப் படம் எடுப்பான். தொறக்கலேன்னா எடுக்க மாட்டான். அவ்ளோதான்." குனிந்து குரலைத் தாழ்த்தினான். "நீ சொல்ல மாட்ட. என் மேல பாசத்துல இல்ல. போய்ச் சொல்லு பாப்போம், ஒத்தக் கையோட நின்னவனத்தான் தள்ளினேன்னு. உன்ன எவன் எடுப்பான்?"

தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது சரி என்பதால் வீரிங்காவுக்கு அவன்மேல் இன்னும் வெறுப்பு வந்தது. சொல்லாமல் இருப்பது நல்ல குணம் என்று காலையிலிருந்து தன்னைத் தானே மெச்சிக்கொண்டிருந்தான். அந்தச் சின்னச் சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் படுபாவி.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டவர் ஹார்லன் ஸ்டக்கி. வடக்கே ஒரு குளிர் நகரத்து அணிக்கு இருபத்தாறு வருஷமாக ஆள் பார்க்கிறவர். சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசுவார். பக்கத்தில் ஓர் இளைஞர் லாப்டாப்போடு இருந்தார்.

"தம்பி, உன் கைய நான் பாத்தேன்," என்று ஆரம்பித்தார் ஸ்டக்கி. "கை குட்டைன்னு எல்லாரும் சொன்னான். நான் சொன்னேன், நீளத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது, எங்க வெக்கிறான்னு பாருன்னு."

"கை வைப்புக்குப் பத்துக்கு ஒம்போது போட்டிருக்கோம்," என்றார் இளைஞர்.

"இடுப்பு எறங்குது. பொறுமை இருக்கு. நேத்து ரெண்டாவது தடவ அவன் குத்தறதுக்கு முந்தியே நீ அவனப் படிச்சுட்ட பாரு, அது சொல்லிக் குடுத்து வராது."

வீரிங்கா தலையாட்டினான். அவன் எதையும் படிக்கவில்லை. சாய்ந்தான், அவ்வளவுதான். ஆனாலும் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

"அந்த டிலோச் இருக்கானே," ஸ்டக்கி ஒரு தோலைத் துப்பினார், "அவன நான் மூணு வருஷமா பாக்குறேன். அத்தனையும் இருக்கு. மனசு மட்டும் இல்ல. முதல் அடி பிரமாதமா அடிப்பான், அப்புறம் பாத்தா கைய ஊஞ்சல் மாதிரி போட்டுட்டு நிப்பான். சோம்பேறி. நேத்து விழுந்துட்டு எப்படி நடந்து போனான் பாத்தியா, சட்டையில விரல மாட்டிக்கிட்டு, மாப்பிள்ள மாதிரி. இந்த மாதிரிப் பையனுங்களுக்குப் பசி கெடையாது தம்பி. உன்ன மாதிரிப் பண்ணையில வளந்தவனுக்குத் தெரியும் உழைப்புன்னா என்னன்னு."

இளைஞர் லாப்டாப்பில் தட்டினார். திரையில் டிலோச்சின் பெயருக்கு எதிரே 'முயற்சி' என்ற கட்டத்தில் மூன்று என்று விழுந்தது.

வீரிங்காவுக்குள் என்னவோ பொங்கியது. இருபத்தாறு வருஷம். மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறாராம். கழுத்து மடங்கினதைப் பார்த்திருக்கிறார், கை தொங்கினதைப் பார்த்திருக்கிறார், கட்டைவிரலை மாட்டினதைக்கூடப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறார். இந்த மனிதர் கொடுத்த ஒன்பதுக்கா இத்தனை நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தோம் என்று கூசியது.

"அவன் சோம்பேறி இல்ல சார்."

"ம்?"

"அவன் கை செத்துப்போகுது. கழுத்துல அடி பட்டா இடது கையில உசுரு இருக்கறதில்ல. நேத்து ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் என் மேல வெச்சது செத்த கை. அந்தக் கையோட அவன் வரிசையில வந்து நின்னான். நான் எதையும் படிக்கல. எனக்கு ஒம்போதும் வேணாம். ரெண்டு கையோட வந்தா அவன் என்னத் தெனமும் படுக்க வெப்பான், அக்டோபர்ல வெச்ச மாதிரி. நான் பாத்ததுலயே அவன்தான் சார் பெரிய ஆளு. நீங்க பாத்ததுலயும் அவனாத்தான் இருக்கும், பாக்கத் தெரிஞ்சிருந்தா."

 இளைஞர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டக்கி கோபித்துக்கொள்வார் என்று வீரிங்கா எதிர்பார்த்தான். அவர் கோபிக்கவில்லை. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"நல்லது. சொல்லாத." அவர் குரலில் திடீரென்று ஒரு குழைவு. "எல்லாரும் அவன முதல் சுத்துல எடுக்கணும்னு அலையறானுங்க. அடுத்த மாசம் இண்டியானாபோலிஸ்ல எல்லா அணி டாக்டருங்க முன்னாடியும் பரிசோதனைக்கு நிக்கும்போது எங்க டாக்டர் கழுத்தப் பத்தி ஒரு கேள்வி கேட்டாப் போதும். மத்தவனெல்லாம் பயந்து ஓடிடுவான். அப்புறம் நாம நிதானமா எடுத்துக்கலாம்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அதத்தான் டாக்டர் பாப்பார்ல," என்றார் ஸ்டக்கி. கடைக்காரரிடம் மூட்டையில் ஓட்டை இருக்கிறதே என்று கேட்டால் எப்படிப் பதில் வருமோ அப்படி வந்தது.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் வீரிங்காவுக்குத் தான் செய்தது என்ன என்று விளங்கியது. ஒரு கிழவரை மட்டம் தட்டுகிற ஆசையில் ஒருவனுடைய கழுத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். நேரே ஆறாவது மாடிக்குப் போய் டிலோச்சின் கதவைத் தட்டினான்.

"சொல்லிட்டேன்," என்றான் கதவு திறந்ததும்.

டிலோச் அவனை மேலும் கீழும் பார்த்தான். "எந்த ரூம்?"

"ஸ்டக்கி."

"எவ்ளோ குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஒண்ணும் வாங்காமயா சொன்ன?" அவன் முகத்தில் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. "வித்திருந்தாக்கூட ஒரு மரியாத இருந்திருக்கும்டா." கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் டிலோச் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடினான். வலது கையால் மட்டும் வீரிங்காவை இரண்டு தடவை தரையில் போட்டான். இரண்டாவது தடவை, விழுந்தவன்மேல் கால் படாமல் கவனமாகத் தாண்டிப் போனான். சகதியில் கிடக்கிற எதையோ தாண்டுவதுபோல.

பிப்ரவரியில் கேள்வி கேட்கப்பட்டது. படம் எடுத்தார்கள். டிலோச்சின் கழுத்தில் தண்டுவடம் போகிற பாதை குறுகலாக இருந்தது. பதினோரு அணிகள் அவன் பெயரை அடித்துவிட்டன. அவன் கழுத்தில் அறுவை செய்துகொண்டான். ஏப்ரலில் ஸ்டக்கியின் அணி அவனை ஐந்தாவது சுற்றில், முதல் சுற்றுக்காரனுக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு எடுத்துக்கொண்டது. பேப்பர்காரர்கள் ஸ்டக்கியைத் தீர்க்கதரிசி என்று எழுதினார்கள். கூட்டமே சோம்பேறி என்று சொன்னபோது அந்தப் பையனின் மன உறுதியை முதலில் கண்டவர் இவரே என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. வீரிங்கா அதை வீட்டுச் சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை வாசித்தான்.

அவனை ஏழு சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஸ்டக்கி போன் செய்தார்.

"ஆகஸ்ட்ல எங்க பயிற்சி முகாமுக்கு வர்றியா தம்பி? சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. டிலோச் திரும்ப ஆட ஆரம்பிச்சதும் அவனுக்கு எதிர்ல தெனமும் நிக்க ஒரு ஆள் வேணும். அவன் கை எப்படி இருக்குன்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

இதைவிட மட்டமாக ஒருவனை அழைக்க முடியாது என்று வீரிங்காவுக்குத் தெரிந்தது. வர்றேன் சார் என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்டில் பதினோரு நாள் இருந்தான். தினமும் காலையில் டிலோச் எதிரே வந்து நின்றான். பேசவில்லை. அவனுடைய இடது கை, பழைய குத்து இல்லாவிட்டாலும், போதுமான அளவுக்கு உயிரோடு இருந்தது. வீரிங்கா விழுந்தான், எழுந்தான், விழுந்தான். சாயங்காலம் பயிற்சியாளர் வந்து டிலோச்சின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லா இருக்கு சார் என்பான். நிஜமாகவே நன்றாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை வீரிங்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் கையைப் பரீட்சிக்கத் தேவை இருக்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது டிலோச் அங்கே தன் வண்டியின்மேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"கெளம்பிட்டியா அயோவா?"

"ஆமா."

"என்ன பண்ணுவ?"

"ஊர்ல ஹைஸ்கூல் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கேட்டிருக்காங்க."

டிலோச் தலையாட்டினான். 

"அன்னைக்கு அந்த ரூம்ல நடந்ததயெல்லாம் அந்த லாப்டாப்காரன் எனக்குச் சொன்னான். நான் சோம்பேறி இல்லேன்னு சண்ட போட்டியாமே."

"சொன்னேன்."

"நீ பாத்ததுலயே நான்தான் பெரிய ஆளுன்னும் சொன்னியாம்."

"சொன்னேன்."

"அதோட நிறுத்தியிருக்கலாம்ல?" என்றான் டிலோச்.

வீரிங்கா பையைத் தன் வண்டியின் பின்னால் போட்டான்.  ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தது.